நோன்புக்கு மட்டும் ஓர் அடுப்பு

தொலைபேசி அடித்தபோது ஜெயமாலாவுக்கு முதலில் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை "ஹலோ" சொன்னாள். செவ்வாய்க்கிழமை மாலை கோயிலில் குருக்களிடம் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னதுதான் அவள் கடைசியாக ஒரு மனிதரோடு பேசியது. "வீட்டில வேற யாரும்?" என்று குருக்கள் வழக்கம்போல் கேட்டார். "நான் மட்டும்தான்" என்று வழக்கம்போல் சொன்னாள். இன்று வியாழன்.

பேசியது தங்கமணி. ஜெஞ்சாரோமில் இருக்கும் குத்தகைக்காரர். பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியில் உட்கார்ந்து ஜெயமாலா வரையும் காஸ் குழாய்களை உணவகங்களில் கொண்டுபோய்ப் பொருத்துகிறவர். ஒன்பது வருடப் பழக்கம்; நேரில் பார்த்தது நாலைந்து முறை இருக்கும்.

கிள்ளானில் ஜாகிர் பாய் உணவகத்தில் கடைசி அடுப்பு சரியாக எரியவில்லை என்று புகார் வந்திருக்கிறதாம். அது நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்பு. முதல் நோன்பன்று கஞ்சி முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டாம் நாள் அரிசி வேகவே இல்லை. பக்கத்துச் சூராவ் என்ற சிறு தொழுகைக் கூடத்திலிருந்து வாளியோடு வந்தவர்கள் வெறும் வாளியோடு திரும்பியிருக்கிறார்கள். தங்கமணி இரண்டு காலை போய்ப் பார்த்துவிட்டார். தோம்பில், அதாவது சிலிண்டரில், காஸ் நிறைய இருக்கிறது, ரெகுலேட்டர் சரியாக இருக்கிறது, குழாயில் கசிவு இல்லை.

"நான் பத்த வச்சா நீலமா ஜம்முனு எரியுது, அக்கா. ஜாகிர் பாய்க்குக் குழாய் மேல சந்தேகமே இல்ல. கஞ்சி காய்ச்சுற ராத்தா மேலதான். வயசாயிருச்சு, கை ஓடல, அடுப்பு மேல பழி போடுறாங்கங்கிறார். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கஞ்சியை வெளிய சொல்லி வாங்கப் போறாராம். ராத்தா பழையபடி வெங்காயம் உரிக்கலாமாம்."

அதற்கு முன்னால் குழாய் சரி என்று ஜெயமாலா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கோப்பில் வைக்கத்தான், வேறு எதற்கும் இல்லை.

ஜெயமாலா கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தாள். போன வருடம் ஆவணி மாதத்தில் போட்டது. தோம்பு அறையிலிருந்து முப்பது மில்லிபார் அழுத்தத்தில் காஸ் கிளம்புகிறது. குழாயின் உள்சுவர் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வால்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மிகத் தொலைவில் உள்ள அடுப்பைப் போய்ச் சேரும்போது முப்பதில் மூன்றுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. இது அவள் தன் வேலைக்கு வைத்துக்கொண்ட வரம்பு. முப்பது வருடத்தில் அதைத் தாண்டி அவள் ஒரு குழாயும் வரைந்ததில்லை. இந்த வரைபடத்திலும் இழப்பு இரண்டு புள்ளி எட்டுதான்.

அடுப்புப் பட்டியலில் ஒன்பதாவது வரி: 'கஞ்சி அடுப்பு, நோன்புக்கு மட்டும்.' ஜாகிர் பாய் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. அதற்கு எதிரே, உச்ச நேரத்தில் எவ்வளவு எரியும் என்ற கட்டத்தில், ஜெயமாலா போட்ட பூஜ்யம்.

எல்லா அடுப்பும் எல்லா நேரமும் எரிவதில்லை. அதனால் கடையில் எது மிகவும் பரபரப்பான நேரம் என்று கேட்டு, அந்த நேரத்தில் எரிகிறவற்றை மட்டும் கூட்டுவது வழக்கம். ஜாகிர் பாய் யோசிக்காமல் சொன்னார்: பன்னிரண்டிலிருந்து இரண்டு, ஆபீஸ் கூட்டம். அந்த நேரத்தில் பத்துக்கு ஏழு பங்கு அடுப்புகள் எரியும். கஞ்சி அடுப்பு எரியாது. எனவே பூஜ்யம். தவறு ஒன்றும் தெரியவில்லை.

கடிதத்தைப் பத்து நிமிடத்தில் அடித்து முடித்தாள். ஆனால் அனுப்பவில்லை. தங்கமணி போனை வைப்பதற்கு முன் சொன்ன ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. இரண்டு காலையும் அந்த ராத்தா அவரிடம், "இப்ப வராதீங்க தம்பி, நாலு மணிக்கு வாங்க" என்றாராம். நாலு மணிக்குத் தங்கமணிக்கு கேரி தீவில் வேறு வேலை. ஆக, ராத்தா கேட்ட ஒரே ஒரு காரியத்தை யாரும் செய்து பார்க்கவில்லை.

இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. நாளை வெள்ளி. அதன் பிறகு சனி, ஞாயிறு. கிள்ளானுக்குப் போனால் யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கும். தனியாக இருப்பவர்களுக்கு வேலை சில நேரம் ஒரு சாக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல காரியங்கள் பலவும் அப்படித்தான் தொடங்குகின்றன.

வெள்ளி மதியம் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். கைப்பையில் அழுத்தமானியும் ஒரு ரப்பர்க் குழலும் இருந்தன. ஜும்மா தொழுகை முடிந்து கடை மெதுவாக விழித்துக்கொண்டிருந்தது. முன்பக்க நாற்காலிகளை இன்னும் கவிழ்த்தே வைத்திருந்தார்கள். ஜாகிர் பாய் கல்லாவில் இருந்தபடி, "மேடமே வந்துட்டீங்களா? லெட்டர் போதும்னேனே" என்று சொல்லிப் பின்பக்கம் கைகாட்டினார்.

சமையலறை நீளமானது. தோம்பு அறை ஒரு கோடியில், கஞ்சி அடுப்பு மறு கோடியில், பின் சந்துக் கதவோரம். அங்கே இடுப்பளவு தேக்சாவின் முன்னால் ஒரு மெலிந்த அம்மா நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். முக்காட்டின் நுனியைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தார். அவர்தான் ஜெய்னம்பு, கடையில் எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா.

ஜெயமாலா தான் யார் என்று சொன்னதும் ஜெய்னம்பு ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார். குறை சொல்லவில்லை. ஊறிய அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தட்டிய இஞ்சி பூண்டு எல்லாம் கிண்ணங்களில் ஒரே வரிசையாக இருந்தன. தேங்காய்ப்பால் மட்டும் கடைசியில் என்றார். நேற்று யாராவது ருசி பார்த்துச் சொன்னார்களா என்று ஜெயமாலா கேட்டாள். எல்லோரும் நோன்பு, யார் ருசி பார்ப்பது, வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று ஜெய்னம்பு சொன்னார். நேற்றைய வாசனை நன்றாக இல்லையாம்.

கணவர் இறந்து பதினோரு வருடம். பிள்ளைகள் இல்லை. கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. வருடத்தில் பதினோரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். அந்த மாதங்களில் அவரை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் சூராவின் கிழவர்களும் பிள்ளைகளும், "இது ஜெய்னம்பு ராத்தா காய்ச்சினதா?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இதையெல்லாம் அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அகப்பையைத் துடைத்த கை கொஞ்சம் நின்றது.

ஜெயமாலா அடுப்புக்கு முன்னால் இருந்த சோதனைமுனையில் மானியை மாட்டினாள். இரண்டரை மணிக்குக் கஞ்சி அடுப்பு தனியாக எரிந்தபோது மானி காட்டியது இருபத்தேழு. தீ நீலமாக, தேக்சாவின் அடியை ஒட்டி நின்றது. தங்கமணி பார்த்தது இதைத்தான்.

மூன்றரைக்கு ஆட்கள் வந்தார்கள். பிரியாணிக்கு இரண்டு அடுப்பு. குழம்புக்கு மூன்று. இருபத்திரண்டு. வாசலில் போடும் நோன்புப் பாசார் கடைக்காகக் கோழியும் வடையும் பொரிக்க இரண்டு குவாலி, பெரிய வாணலிகள். பதினெட்டு. நாலு மணிக்கு இக்ராம் என்ற ரொட்டி மாஸ்டர் முர்தபாக் ரொட்டி சுடும் கல்லைப் பற்ற வைத்தார். மானியில் எண் இறங்கி இறங்கிப் பதினான்கில் நின்றது.

ஜெய்னம்புவின் தேக்சாவுக்கு அடியில் தீ சுருங்கி, மஞ்சளாகி, அங்குமிங்கும் நாக்கை நீட்டியது. கொதி நின்றுவிட்டது. அவர் ஜெயமாலாவைப் பார்க்காமல் கிண்டிக்கொண்டே இருந்தார்.

ஜெயமாலா சமையலறையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். எரியாத அடுப்பு ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நோன்பு மாதத்தில் இந்தக் கடைக்குப் பன்னிரண்டு மணி என்பதே கிடையாது. ஒரு நாள் முழுவதற்கும் உள்ள சமையல் மூன்றரை மணிக்கும் நோன்பு திறக்கும் மஃரிபுக்கும் நடுவில் வந்து குவிகிறது. கஞ்சி அடுப்பு ஒன்றே மூன்று நாலு அடுப்புக்கான காஸைத் தின்னும்; அதையும் சேர்த்தால் அவள் கணக்குப் போட்டதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் காஸ் அந்தக் குழாயில் ஓட வேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. இது அவள் தொழிலின் முதல் பாடம்.

இந்த நாட்டில் பிறந்து, ஐம்பத்தாறு நோன்பு மாதங்களை அக்கம்பக்கத்தில் பார்த்தவள். மாலை பாசாரில் முட்டி மோதிக்கொண்டு வாங்கித் தின்றவள். அடுப்புப் பட்டியலில் 'நோன்புக்கு மட்டும்' என்று கண்ணெதிரே எழுதியிருந்தும், அது ஒரு மாதத்துச் சங்கதிதானே என்று பூஜ்யம் போட்டுவிட்டாள்.

பின் சந்துக்குப் போய்த் தங்கமணியைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்புன்னு வாயைத் தொறந்து சொல்லிடாதீங்க, அக்கா. யூசேஜ் மாறிடுச்சுன்னு எழுதுங்க. அது பொய்யும் இல்ல லா. உங்க லைசன்ஸ் இருக்கு, என் பேரு இருக்கு."

உண்மைதான், அது பொய் இல்லை. அப்படி எழுதினால் ஒருவருக்கும் கெடுதல் வராது. ஆனால் அந்த வாக்கியத்தில் அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கு இடமே இல்லை. அவர் கை ஓடவில்லை என்று மூன்று நாளாக இந்தச் சமையலறை நம்பிக்கொண்டிருக்கிறது. 'யூசேஜ்' என்ற ஆங்கிலச் சொல் அந்த நம்பிக்கையைத் தொடக்கூடச் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ காய்ச்சிய கஞ்சி வரும். ராத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

ஜெயமாலா கண்ணை மூடி முருகா என்றாள். பிறகு உள்ளே போய், ஜாகிர் பாயைப் பின்பக்கம் கூட்டிவந்தாள். அவர் வந்து தீயைப் பார்த்தார், மானியைப் பார்த்தார், ராத்தாவைப் பார்க்கவில்லை.

"ராத்தா மேல தப்பு இல்ல" என்றாள் ஜெயமாலா. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "அவங்க முதல் நாளே சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் போட்ட கணக்குல தப்பு. உங்க கடைக்கு மத்தியானம்தான் பிஸின்னு வச்சுக் குழாயை வரைஞ்சுட்டேன். நோன்பை நான் நினைச்சுப் பாக்கல."

கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இக்ராம் கல்லின் மேல் மாவை விரித்த கையோடு திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க, மேடம்" என்றார் ஜாகிர் பாய் மெதுவாக. "தப்புங்கிறதை இவ்ளோ லேசாச் சொல்றீங்க."

"லேசா இல்ல, பாய்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். முந்தாநாள் சூராவ்காரர்கள் எதிரிலேயே ராத்தாவைச் சத்தம் போட்டிருந்தார். அதை அவர் ஜெயமாலாவிடம் சொல்லவில்லை. பிறகு இக்ராம்தான் சொன்னார். ஜாகிர் பாய் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நேராக முர்தபாக் கல்லுக்குப் போய், வால்வைத் தன் கையாலேயே மூடினார். அடுத்து இரண்டு குவாலிகளையும் மூடினார்.

"பாஸ், வெளிய பதினஞ்சு பேர் நிக்கிறாங்க லா" என்றார் இக்ராம்.

"நிக்கட்டும். நோன்பு தொறக்க இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு. பசிக்குதுன்னு யாரும் இப்பவே தின்னுட மாட்டாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். மானி இருபத்திரண்டுக்கு ஏறியது. தேக்சாவின் ஓரத்தில் முதல் குமிழி வந்தது, பிறகு நடுவில். ஜெய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிண்டினார்.

அன்றும் கஞ்சி இருபது நிமிடம் தாமதம்தான். வாளியோடு வந்த சூராவ்காரரிடம் ஜாகிர் பாயே போய், குழாயில் கோளாறு, ராத்தா கையில் இல்லை என்று சொன்னார். ஆனால் வெளியே கொடுத்த ஆர்டரை நிறுத்துங்கள் என்று ஜெயமாலா கேட்டதற்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை. முந்நூறு பேர் வாசலில் நிற்கும் காரியம் இது. நல்ல மனசை வைத்து மட்டும் நடத்த முடியாது. நாளை ஒரு நாள் பார்ப்போம், அஞ்சரைக்குக் கஞ்சி இறங்கினால் ஆர்டரை நிறுத்துகிறேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

குழாயை மாற்ற நாளாகும். அதுவரைக்கும் இருக்கிற குழாயிலேயே ஒரு வழி பார்க்க வேண்டும். ஜெயமாலா அங்கேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்தெந்த அடுப்பு ஒன்றாக எரிந்தால் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். பிரியாணி அடுப்புகள் இரண்டும் ஒரு மணிக்கே ஏறி மூன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். கஞ்சி இரண்டரைக்கு ஏற வேண்டும். குழம்பு மூன்று மணிக்குப் பிறகு, அதிலும் ஒரு நேரத்தில் இரண்டு அடுப்பு மட்டும். குவாலியும் முர்தபாக் கல்லும் ஐந்தே காலுக்கு, கஞ்சித் தீ அணைந்த பிறகு. இப்படிச் செய்தால் கஞ்சி அடுப்புக்கு எப்போதும் இருபத்தைந்துக்குக் குறையாது. ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து அதில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சீக்கிரம் வர வேண்டிய பிரியாணிக்காரர் முகத்தைச் சுளித்தார். ஜெய்னம்பு அவரிடம், அவருடைய வெங்காயத்தை விடியற்கால ஸஹர் சாப்பாடு முடிந்ததும் தானே உரித்து வைத்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் சுளிக்க முடியவில்லை.

சனிக்கிழமை ஜெயமாலா மறுபடியும் வந்தாள். மானியைப் பிடித்துக்கொண்டு சந்துக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தைந்து. அரிசி உடைந்து, பருப்பு கரைந்து, ஐந்து மணிக்குத் தேங்காய்ப்பால் இறங்கியது. வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. நோன்பிருந்த அத்தனை பேரும் ஒரு கணம் கையில் இருந்த வேலையை விட்டு மூச்சை இழுத்தார்கள்.

ஐந்து இருபத்தைந்துக்குச் சூராவின் வாளி நிரம்பியது. ஜாகிர் பாய் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். கைத்தொலைபேசியை எடுத்து, ராத்தாவின் பக்கத்தில் நின்றபடியே, நாளைக்குக் கஞ்சி வேண்டாம், மாதம் முழுக்க வேண்டாம் என்று யாரிடமோ சொன்னார்.

"எங்க கடையிலயே காய்ச்சுறாங்க" என்றார். பிறகு எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, "ஆமா, அவங்கதான்" என்றார்.

ஜெய்னம்பு குனிந்து வெந்தயக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கிண்ணத்தையே திரும்பவும் கழுவினார்.

அடுத்த புதன்கிழமைக்குள் ஜெயமாலா புதிய வரைபடத்தை முடித்துக் கையெழுத்திட்டாள். தோம்பு அறையிலிருந்து கஞ்சி அடுப்புக்குப் பின் சந்துச் சுவரோடு ஒரு தனிக் குழாய். பழைய குழாயின் முதல் ஆறு மீட்டரும் ஓர் அளவு பெரிதாகும். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில், நோன்பு மாதச் சுமை முதல் வரைபடத்தில் விடுபட்டது, வரைந்தவர் தவறு என்று எழுதினாள். தங்கமணி அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஆனாலும் வியாழன் காலை ஆறு மணிக்கே லோரியில் குழாயோடு வந்து இறங்கினார். அந்த வேலைக்குக் கூலி கேட்கவில்லை. மதியத்துக்குள் பொருத்தி, சோதனை அழுத்தம் ஏற்றி, கசிவு இல்லை என்று காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை நாலரைக்கு எல்லா அடுப்பும் ஒன்றாக எரிந்தன. அட்டையைச் சுவரிலிருந்து கிழித்தது இக்ராம்தான். ஜெயமாலா மானியைப் பார்த்தாள். இருபத்தேழு புள்ளி நாலு. ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள். அதே எண்.

வேலை முடிந்துவிட்டது. மானியைக் கழற்றித் துணியில் சுற்றினாள். நாளைக்கு இங்கே வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. நாளை மறுநாளும் இல்லை. அது தெரிந்ததும் பையின் ஜிப்பை இழுக்கக் கொஞ்சம் நேரமானது.

மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு ஒலித்தது. ஜெய்னம்பு தேக்சாவைப் பார்த்தார்; மாடிப்படியைப் பார்த்தார். கஞ்சி கெட்டிப்படத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். மற்ற நாட்களில் தீயைக் குறைத்துவிட்டு ஓடிப்போய்த் தொழுதுவிட்டு ஓடி வருவாராம். சமையலறையில் மற்றவர்கள் அவரவர் அடுப்பில் இருந்தார்கள்.

அவர் அகப்பையை ஜெயமாலாவின் பக்கம் நீட்டினார்.

"தொழுதுட்டு வந்துடுறேன், தங்கச்சி. கொஞ்சம் பாத்துக்க."

"நான் தொடலாமா, ராத்தா? நான் நோன்பு இல்லையே."

"கையைக் கழுவிட்டாப் போதும். கஞ்சிக்கு ஆள் தெரியாது."

ஜெயமாலா கையைக் கழுவிவிட்டு வந்து அகப்பையை வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஜெய்னம்பு படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அவசரம் இல்லாத, ஒவ்வொரு படியாக ஏறுகிற சத்தம். தீ நீலமாக நின்றது. ஆவி முகத்தில் அடித்தது. அடிவரை விட்டுக் கிண்டச் சொல்லி இக்ராம் அங்கிருந்தே கத்தினார்; அவள் அடிவரை விட்டுக் கிண்டினாள்.

சந்துக் கதவில் ஒரு கிழவர் எவர்சில்வர் தூக்கோடு எட்டிப் பார்த்தார். புது முகத்தைக் கண்டு தயங்கினார்.

"ஜெய்னம்பு ராத்தா இல்லையா?"

"தொழப் போயிருக்காங்க" என்றாள் ஜெயமாலா, கையை நிறுத்தாமல். "அந்த நாற்காலியில உக்காருங்க, ஐயா. இப்ப வந்துடுவாங்க."